மூன்று விநாடி சாம்பல்

பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்தேன்.
உலகம் சாம்பலானது.
ஒன்று, இரண்டு, மூன்று.
பிறகு கயிறு வந்தது, விரல்கள் வந்தன,
படியில் நேற்றுச் சிந்திய காபிக் கறை வந்தது.
தூக்கம் போதவில்லை என்று
எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கிளைபேடா துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்தில் என் கூண்டு.
காலடியிலும் கண்ணாடி.
பதினோரு வருடமாகக் குனிந்தே பிழைப்பவள் நான்:
பெட்டியைக் கவ்வி, தூக்கி,
கப்பலின் வயிற்றில் முட்டை போல வைப்பவள்.

தலைவலி அக்டோபரில் குடியேறியது.
எனக்கு முன்னால் எழுந்துவிடும்.
தும்மினால் பிளக்கும்.
வலது காதில் மட்டும் ஒரு சத்தம்,
உஷ்... உஷ்... உஷ்...
கடல் என்று நினைத்தேன்.
காற்றில்லாத ஒரு ஞாயிறு,
காயல் எண்ணெய் போலக் கிடந்தது.
அப்போதும் உஷ், உஷ்.
மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன்.
என் நாடியோடு அது
அடி பிசகாமல் நடந்துகொண்டிருந்தது.

ஆளுக்கொரு வைத்தியம்.
"குளிர்காற்று, தொப்பி போடு" என்றார் ஃபோர்மேன் அல்வீதாஸ்.
"விவாகரத்து ஆனவளுக்குத் தலை வலிக்காமல்?" என்றாள்
தங்கை யொலிதா.
நீல அட்டை மாத்திரை வாரத்துக்கு இரண்டு,
பிறகு நாளுக்கு மூன்று.
அளவு மீறினால் வலி மாத்திரையே
வலியைப் பெற்றுப்போடும் என்று
யாரும் அப்போது சொல்லவில்லை.

நவம்பரில் ஒரு பெட்டி இரண்டாகத் தெரிந்தது.
எதன்மேல் கொக்கியை இறக்குவது?
கீழே ஆரஞ்சு சட்டையில் ஒரு பையன்,
அவனும் இரண்டு.
இயந்திரத்தை நிறுத்தினேன்.
வயர்லெஸில் அல்வீதாஸ் கத்தினார்.
பதில் சொல்லாமல்
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
அத்தனை உயரத்தையும் ஏணி ஏணியாய் இறங்கினேன்.

மூக்குக்கண்ணாடி வாங்கத்தான் போனேன்.
கடைக்காரன் சின்னப் பையன், காலரில் ரொட்டித் துகள்.
விளக்கோடு என் கண்ணுக்குள் நெடுநேரம் இருந்தான்.
வளவளவென்று பேசிக்கொண்டிருந்தவன் பேச்சை நிறுத்தினான்.
"நரம்பு வீங்கியிருக்கிறது. இரண்டு கண்ணிலும்.
நாளைக்கு வேண்டாம், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்."
கண்ணாடி விற்கவில்லை.
டாக்சிக்கு அவனே ஃபோன் செய்தான்.

ஸ்கேனில் கட்டி இல்லை, அடைப்பு இல்லை.
சுருண்டு படுக்கச் சொன்னார்கள். முதுகில் ஊசி.
எனக்குப் பின்னால், நான் பார்க்க முடியாத குழாயில்
என் தண்ணீர் ஏறுவதை டாக்டர் எண்ணினார்:
இருபது. இருபத்தைந்து. முப்பது.
முப்பத்தெட்டில் நின்றது.
இருபத்தைந்தைத் தாண்டக் கூடாதாம்.

பார வரம்பு எனக்குத் தெரிந்த மொழி.
மீறினால் கூண்டில் மணி அடிக்கும்,
கிரேன் தானாகவே நின்றுவிடும்.
மண்டைக்குள் மணி அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
நான் தொப்பி போட்டுக்கொண்டிருந்தேன்.

நோய்க்கு நீளமான பெயர்.
அதன் முதல் சொல்லுக்கே
காரணம் தெரியாது என்றுதான் அர்த்தமாம்.
எடையில் பத்தில் ஒரு பங்கு குறைய வேண்டும் என்பதை
டாக்டர் மேசையைப் பார்த்துச் சொன்னார்.
எனக்குக் கோபம் வந்தது.
லிஃப்டில் அழுதேன்.
பிறகு, எதற்குப் பொய்,
கான்டீனில் பூண்டு தேய்த்துப் பொரித்த கறுப்பு ரொட்டி
ஒரு தட்டு வாங்கித் தின்றேன்.

புது மாத்திரையில் விரல் நுனியெல்லாம் எறும்பு.
சோடா குடித்தால் துருப்பிடித்த ஆணி.
மாதம் ஒருமுறை வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகம் வைத்து
வெளிச்சப் புள்ளி வரும்போதெல்லாம் பொத்தானை அமுக்குகிறேன்.
வராத புள்ளிக்கும் சில சமயம் அமுக்கிவிடுகிறேன், ஆசையில்.
இயந்திரம் அதையும் குறித்துக்கொள்கிறது.

கூண்டில் இப்போது வேறொருத்தர்.
நான் தரையில், எடைமேடையில், லாரிகளை நிறுக்கிறேன்.
தலைவலி விலகிவிடவில்லை,
பகுதி நேர ஊழியர் போல வந்து போகிறது.
ஏழு கிலோ இறங்கியிருக்கிறது.

இன்று காலை பூட்ஸ் கட்டக் குனிந்தேன்.
ஒன்று.
கயிறு தெரிந்தது.
ஒரு முனை பிய்ந்திருந்தது,
எத்தனை நாளாகவோ.
புதிது வாங்க வேண்டும்.